நண்பர்களோடு வார இறுதிப் பயணம்: எங்கே சாப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து இரண்டு நாள் வெளியூர் கிளம்பும்போது தங்கும் இடத்தைப் பார்த்துப் பார்த்து எடுக்கிறோம். சாப்பாட்டை மட்டும் ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறோம். கடைசியில் இரவு ஒன்பதரை மணிக்குப் பசியோடு தெருவில் நின்றுகொண்டு ஆளுக்கொரு போனில் தேடிக்கொண்டிருப்போம். எங்கள் கூட்டத்தில் உணவகம் பிடிக்கும் வேலை பல வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. அதனால் நண்பர்கள் வேறு குழுக்களோடு கிளம்பும்போதும் என்னிடம் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

எதிலிருந்து தொடங்குவது? உணவு வகையா, ரேட்டிங்கா, தூரமா?

மூன்றும் இல்லை. குழுவில் சாப்பாட்டு விஷயத்தில் யாருக்கு அதிகக் கட்டுப்பாடு இருக்கிறதோ, அவரிடமிருந்து தொடங்குங்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் உறுத்துகிறது. ஒரு பயணத்தில் நாங்கள் ஒன்பது பேர். நல்ல பெயர் வாங்கிய ஓர் உணவகத்தை மூன்று வாரம் முன்பே பிடித்து வைத்திருந்தேன். தோழி ஒருத்திக்கு எள் ஆகாது. அது எனக்குத் தெரியும். ‘மெனு பெரிதாக இருக்கிறது, ஏதாவது கிடைக்கும்’ என்று நினைத்துக்கொண்டேன். அங்கே போனால் பாதிக்கு மேல் எள், மீதி எதில் எள் இல்லை என்று பரிமாறுபவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. அவள் பழங்களை மட்டும் வாங்கிக்கொண்டு, ‘எனக்கு அவ்வளவாகப் பசியில்லை’ என்று சொல்லி இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மற்ற எட்டுப் பேருக்கும் அன்றைய சாப்பாடு பிரமாதம். அந்த இரவை எட்டுப் பேருக்கான வெற்றி என்று என்னால் எண்ண முடியவில்லை.

அன்றிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். அதிகக் கட்டுப்பாடு உள்ளவர் நிம்மதியாகச் சாப்பிடக்கூடிய இடங்களை முதலில் எடுத்து வைப்பேன். அவற்றுக்குள் மற்றவர்களுக்குப் பிடித்ததைத் தேடுவேன். எதையும் சாப்பிடக்கூடியவருக்கு எங்கே போனாலும் நாலு பண்டம் இருக்கும். மற்றவருக்கு அப்படி இல்லை.

யாருக்கு என்ன ஆகாது என்று எப்படி விசாரிப்பது?

குழுவில் பொதுவாகக் கேட்காமல், ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். ‘யாருக்காவது ஏதாவது பிரச்சினை இருக்கா?’ என்று பத்துப் பேர் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டால் பாதிப் பேர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எல்லாருடைய சந்தோஷத்துக்கும் தான் தடையாகத் தெரிய வேண்டுமா என்ற தயக்கம் அது. தனிச் செய்தியில் ‘நீ சாப்பிடாதது, சாப்பிட முடியாதது எதெது? இடம் பார்க்கத் தொடங்குகிறேன், அதற்காகத்தான் கேட்கிறேன்’ என்று எழுதினால் தயங்காமல் பதில் வரும்.

அதே செய்தியில் இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துவிடுங்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு வரை செலவு செய்யத் தோதுப்படும்? படியேறுவது, தாழ்வான இருக்கையில் உட்காருவது, அதிகச் சத்தம் போன்ற எதிலாவது சிரமம் உண்டா? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வந்த நண்பருக்கு அப்புறம் எந்தப் பண்டமும் ருசிக்காது.

அலர்ஜி, ஒத்துக்கொள்ளாமை, பிடிக்காதது எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல் இடம் பிடிக்கவே கூடாது.

ஒவ்வாமை, அதாவது அலர்ஜி, என்பது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் ஓர் உணவுப் புரதத்தை எதிரியாக நினைத்துத் தாக்குவது. கொஞ்சம் பட்டாலும் தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் வரலாம். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். நிலக்கடலை, மரக்கொட்டைகள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், கோதுமை, சோயா, எள் ஆகியவை இதில் முன்னால் நிற்கின்றன. பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காதவர்களின் நிலை வேறு. அந்தச் சர்க்கரையை உடைக்கும் நொதி அவர்களுக்குக் குறைவு. வயிறு உப்பும், வலிக்கும். ஒவ்வாமை போல உயிராபத்து இல்லை. சீலியாக் நோய் மூன்றாவது வகை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலையே சேதப்படுத்தும். அன்று ஒன்றும் தெரியாவிட்டாலும் பாதிப்பு நடக்கும். ‘இன்றைக்கு ஒரு நாள்தானே’ என்று இவர்களை வற்புறுத்துவது பெரிய தவறு.

உணவகத்திடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதனால் மாறுகிறது. ‘கடலை போடாத பண்டம் இருக்கிறதா?’ என்று கேட்டால் போதாது. அதே எண்ணெயில் வேறு எதைப் பொரிக்கிறார்கள், அதே கரண்டியும் வெட்டும் பலகையும்தானா என்று கேட்க வேண்டும். சூடாக்கினால் எல்லாம் போய்விடும் என்பதும் சரியில்லை. பல ஒவ்வாமைப் புரதங்கள் சமைத்த பிறகும் அப்படியே இருக்கும். ‘எதுக்கும் கவலைப்படாதீங்க’ என்று யோசிக்காமல் சொல்லும் இடத்தைவிட, ‘சமையலறையில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லும் இடத்தை நான் நம்புவேன். கடுமையான ஒவ்வாமை உள்ளவர் மருத்துவர் அவசரத்துக்கு எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசியைக் கையோடு வைத்திருக்கிறாரா என்று கிளம்பும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அது எந்தப் பையில் இருக்கிறது என்று இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவை யார் எடுப்பது? எல்லாரும் பேசி எடுத்தால்தானே நியாயம்?

பேசி எடுப்பதில் ஒரு வினோதமான ஆபத்து உண்டு. ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் 1974இல் தன் குடும்பத்தில் நடந்ததை எழுதினார். டெக்சஸில் கொளுத்தும் ஒரு பிற்பகல். நால்வரும் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள். மாமனார், ‘அபிலீன் போய்ச் சாப்பிடலாமா?’ என்கிறார். ஒவ்வொருவராகச் சரி என்கிறார்கள். ஏசி இல்லாத காரில் 53 மைல், அதாவது சுமார் 85 கிலோமீட்டர் போய், சுமாரான சாப்பாட்டைச் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். வந்த பிறகுதான் தெரிகிறது, நால்வரில் ஒருவருக்கும் போக விருப்பமே இல்லை. மாமனார் கூட மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமே என்றுதான் கேட்டாராம். மற்றவர்கள் விரும்புகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டதில் வந்த வினை.

நண்பர் குழுவில் இது தினமும் நடக்கிறது. ‘எனக்கு எதுன்னாலும் ஓகே’ என்ற பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் செய்வது இதுதான். ஒருவர் மட்டும் தேடுகிறார். கட்டுப்பாடுகளுக்குப் பொருந்திய மூன்று இடங்களை, நான்கு கூட வேண்டாம், மெனு, தூரம், தோராயச் செலவோடு குழுவில் போடுகிறார். ‘எது சிறந்தது?’ என்று கேட்காமல், ‘உங்களுக்கு ஒத்துவரும் எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள்’ என்று கேட்கிறார். அதிக டிக் வாங்கியது முடிவு. ஒரே ஒன்றுக்கு வாக்குப் போட்டால் பத்துப் பேரில் நான்கு பேருக்கு மிகவும் பிடித்து மற்ற ஆறு பேருக்குப் பிடிக்காத இடம் ஜெயித்துவிடலாம். ஒத்துவரும் எல்லாவற்றுக்கும் வாக்கு என்றால், ஒன்பது பேர் மகிழ்ச்சியாக உட்காரும் இடம் மேலே வரும். கூடவே ஒரு நாள் கெடு வையுங்கள்.

பட்ஜெட் ஆளுக்கொரு மாதிரி இருந்தால்?

எல்லாரும் சொன்ன தொகைகளில் மிகக் குறைந்ததுதான் வரம்பு. சராசரி எடுக்காதீர்கள். சராசரி எடுத்தால் வசதி உள்ளவரின் எண் வசதி குறைந்தவரின் எண்ணை மேலே இழுத்துவிடும். அவர் அங்கே உட்கார்ந்து விலைப் பட்டியலின் வலது பக்கத்தையே படித்துக்கொண்டிருப்பார். அந்தத் தொகையைச் சொன்னது யார் என்று ஒருபோதும் வெளியே வரக் கூடாது. ‘இந்த வரம்புக்குள் பார்க்கிறேன்’ என்று உங்கள் முடிவாகவே சொல்லிவிடுங்கள்.

பில்லைச் சமமாகப் பிரித்துவிடலாமா?

எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிட்டால் பிரிக்கலாம். ஆனால் சமப் பங்கு என்று முன்கூட்டியே தெரிந்தால் மனம் வேறு மாதிரி வேலை செய்கிறது. யூரி நீஸியும் இரண்டு ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு ஆறு பேராக உணவகத்தில் உட்கார வைத்தார்கள். அவரவர் பில்லை அவரவர் கட்டிய குழுக்களைவிட, சமமாகப் பிரித்துக்கொண்ட குழுக்கள் அதிகத் தொகைக்கு வாங்கின. அதே சமயம், எப்படிக் கட்ட விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலோர் தனித்தனியாகவே கட்ட விரும்பினார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஒரு பண்டம் கூடுதலாகச் சொன்னால் அதன் விலையில் ஆறில் ஒரு பங்குதான் நம் தலையில் விழும் என்பதால் கை தானாக நீள்கிறது.

எங்களுக்குச் சரிப்பட்டு வந்த வழி: நடுவில் வைத்துப் பகிர்ந்த உணவு சமப் பங்கு; பானங்களும் தனக்கென்று சொன்ன விலை உயர்ந்த பண்டங்களும் அவரவர் கணக்கு. ஒருவர் மொத்தமாகக் கட்டுகிறார், மற்றவர்கள் அன்று இரவு தூங்கும் முன் அனுப்பிவிடுகிறார்கள். தனித்தனி பில் வேண்டுமானால் ஆர்டர் சொல்வதற்கு முன்பே கேளுங்கள். சாப்பிட்டு முடித்து, கூட்டம் அலைமோதும் நேரத்தில் பன்னிரண்டு பில் கேட்பது அங்கே வேலை செய்பவர்களுக்குப் பெரும் பாடு.

இரண்டு நாளில் எத்தனை வேளைக்கு முன்பதிவு செய்வது?

ஒன்றே ஒன்று. வெள்ளி இரவு போய்ச் சேரும்போது ஆட்கள் வெவ்வேறு நேரத்தில் வருவார்கள், களைத்திருப்பார்கள். தங்கும் இடத்துக்குப் பக்கத்தில், நடந்து போகும் தூரத்தில், எளிய சாப்பாடு போதும். திரும்பும் நாள் எல்லார் கண்ணும் கடிகாரத்தில் இருக்கும். எனவே நடுவில் உள்ள நாளில் ஒரு நல்ல வேளை.

அதையும் இரவில் வைக்காமல் மதியத்தில் வைக்கச் சொல்வேன். வெளிச்சத்தில் போய் வரலாம், நேரம் நீண்டாலும் யாரும் பதற வேண்டியதில்லை, வயிறு கனத்தோடு படுக்கப் போக வேண்டாம். மாலை முழுதும் நடக்கவும் பேசவும் மிச்சம் இருக்கும். இரவுதான் வேண்டும் என்றால், உணவகம் திறந்தவுடன் உள்ள முதல் நேரத்தைக் கேளுங்கள். சமையலறை அப்போது நிதானமாக இருக்கும், முந்தைய மேஜைக்காரர்கள் எழுவதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

எத்தனை பேர் வரை ஒரே மேஜையில் உட்காரலாம்?

உட்கார்வது வேறு, பேசுவது வேறு. பரிணாம உளவியலாளர் ராபின் டன்பார் சக ஆய்வாளர்களுடன் 1995இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பாக உருவாகும் ஓர் உரையாடல் சுமார் நான்கு பேரோடு நின்றுவிடுகிறது என்று கண்டார். ஐந்தாவது, ஆறாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாக உடையும். பத்துப் பேர் மேஜையில் எப்படியும் இரண்டு மூன்று பேச்சுகள் ஓடும். அது இயல்பு. ஆனால் ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகத் தாவ முடிய வேண்டும். அங்கேதான் மேஜையின் வடிவம் முக்கியமாகிறது.

ஓர் ஆள் முழங்கை இடிக்காமல் சாப்பிட சுமார் 60 செ.மீ. அகலம் வேண்டும். பன்னிரண்டு பேரை ஒரு பக்கத்துக்கு ஆறாக நீள மேஜையில் உட்கார வைத்தால் மேஜை 3.6 மீட்டர். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் 60 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், மறு கோடிக்குப் போகும்போது 50ஐ ஒட்டி வந்துவிடும். அறைக்குள் சுவர் எதிரொலி இதைக் கொஞ்சம் மாற்றும். ஆனாலும் சுற்றிலும் 75 டெசிபல் இரைச்சல் என்றால் ஒன்றும் கேட்காது. ஓரத்தில் உட்கார்ந்தவர் போனை எடுத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் மேல் தப்பில்லை.

எட்டுப் பேர் வரை வட்ட மேஜை கேட்டுப் பாருங்கள். அதற்கு மேல் என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள் போட்டு, முக்கிய உணவு முடிந்ததும் ஆட்கள் இடம் மாறிக்கொள்வது ஒரே நீள மேஜையைவிட நல்லது. தம்பதிகளைப் பிரித்து உட்கார வையுங்கள், அவர்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள். புதிதாகக் குழுவுக்கு வந்தவரை நடுவில் உட்கார வையுங்கள்.

போகாமலே ஓர் இடம் சத்தமாக இருக்குமா என்று எப்படித் தெரியும்?

வாடிக்கையாளர்கள் எடுத்த படங்களைப் பாருங்கள். வெற்றுக் கான்கிரீட் தரை, கண்ணாடிச் சுவர், உயரமான கூரை, துணி என்று ஒன்றுமே இல்லை என்றால் ஒலி முட்டி மோதித் திரும்பும். திரைச்சீலை, மெத்தை இருக்கை, மரம், மேஜை விரிப்பு எல்லாம் கொஞ்சம் விழுங்கும். இன்னொரு விஷயமும் உண்டு. இரைச்சலில் மனிதர்கள் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார்கள். பிரெஞ்சு மருத்துவர் எட்டியென் லொம்பார்ட் 1911இல் இதைப் பற்றி எழுதியதால் லொம்பார்ட் விளைவு என்று பெயர். ஒரு மேஜை உயர்த்த, பக்கத்து மேஜை இன்னும் உயர்த்த, அறை முழுக்க ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் காலியாக இருக்கும்போது அமைதியாகத் தோன்றிய இடம் நிறைந்ததும் சந்தையாகிவிடுகிறது. நீங்கள் போகப் போகும் அதே கிழமை, அதே நேரத்தில் போன் செய்யுங்கள். எதிர்முனையின் பின்னணிச் சத்தமே பாதி பதில்.

போனில் என்னென்ன கேட்க வேண்டும்?

ஆன்லைனில் பதிவு செய்ய வசதி இருந்தாலும் ஆறு பேருக்கு மேல் என்றால் போனில் பேசுங்கள். எல்லாரும் ஒரே மேஜையா, பிரித்தா? மேஜை எத்தனை மணி நேரத்துக்கு நமக்கு? பல இடங்களில் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அடுத்த குழு காத்திருக்கும். சமையலறை எத்தனை மணிக்குக் கடைசி ஆர்டர் வாங்கும்? கதவு மூடும் நேரமும் அதுவும் ஒன்றல்ல. பெரிய குழு என்றால் முன்பணம், குறிப்பிட்ட மெனு, சேவைக் கட்டணம் எதுவும் உண்டா? எத்தனை மணி நேரம் முன்பு வரை எண்ணிக்கையை மாற்றலாம்? அப்புறம் ஒவ்வாமைக் கேள்விகள். பேசியவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, பேசியதைச் சுருக்கமாகச் செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள்.

ரேட்டிங்கை நம்பலாமா?

பன்னிரண்டு பேர் சேர்ந்து கொடுத்த 4.9ஐவிட இரண்டாயிரம் பேர் கொடுத்த 4.3 எனக்கு அதிகம் சொல்லும். ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும் உணர்ச்சிவசப்பட்டவை. மூன்று நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். கடைசி மூன்று மாதத்தில் வந்தவற்றை மட்டும் எடுங்கள், சமையல்காரர் மாறியிருக்கலாம். அவற்றுக்குள் ‘குழு’, ‘பிறந்தநாள்’, ‘காத்திருந்தோம்’ போன்ற சொற்களைத் தேடுங்கள். இருவராகப் போனவரின் அனுபவம் உங்கள் பத்துப் பேருக்குப் பொருந்தாது.

பெரிய குழுவுக்குச் சாப்பாடு வர ஏன் இவ்வளவு நேரமாகிறது?

ஒரு மேஜைக்கான தட்டுகள் எல்லாம் ஒன்றாக வெளியே வர வேண்டும் என்று சமையலறை பார்க்கும். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடிவதும் இருபத்தைந்து நிமிடம் எடுப்பதும் ஒரே நொடியில் தயாராக வேண்டும். அடுப்பும் ஆட்களும் அதே எண்ணிக்கைதான். இதற்குள் மற்ற மேஜைகளின் ஆர்டரும் வந்துகொண்டிருக்கும். முதல் நாளே மெனுவை வாங்கி, அவரவர் தேர்வை ஒரே பட்டியலாக அனுப்பிவிட்டால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். அது முடியாது என்றால் நான்கைந்து பண்டங்களை இரட்டிப்பாகச் சொல்லி நடுவில் வைத்துப் பகிருங்கள்.

முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. டான் ஏரியலியும் ஜொனாதன் லெவாவும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், மேஜையில் ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஆர்டர் சொன்னவர்கள் முன்னால் பேசியவர் சொன்னதைத் தவிர்த்து வேறொன்றைச் சொன்னார்கள். பிறகு, தாளில் தனியாக எழுதிக் கொடுத்தவர்களைவிடக் குறைவாகவே திருப்தியடைந்தார்கள். உங்களுக்கு வேண்டியதை அடுத்தவர் சொல்லிவிட்டால் என்ன, நீங்களும் அதையே சொல்லுங்கள்.

மது உண்டு என்றால்?

வண்டி ஓட்டுபவர் யார் என்று கிளம்பும் முன்பே முடிவாக வேண்டும். அவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது. நடந்து போகும் தூரத்தில் இடம் பிடித்தால் இந்தப் பேச்சே இல்லை. குடிக்காதவர்களுக்கும் நல்ல பானங்கள் அங்கே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசி நேரத்தில் இருவர் வரவில்லை என்கிறார்கள். என்ன செய்வது?

உடனே உணவகத்துக்குச் சொல்லுங்கள். பத்து இருக்கை கொண்ட மேஜையை ஒதுக்கி, அதற்கேற்பச் சாமான் வாங்கி வைத்திருப்பார்கள். சிறிய இடம் என்றால் அது அன்றைய வரும்படியில் பெரும் பகுதி. முன்பணம் போயிருந்தால், வராதவர்கள் தங்கள் பங்கைக் கொடுப்பது என்று குழுவில் முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் மட்டும் வேறு இடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்கிறார்.

போகட்டும். ஆசைப்படும் இன்னும் இருவரைச் சேர்த்து, பதிவு செய்யாத வேளை ஒன்றில் போகச் சொல்லுங்கள். ஆறு வேளையும் பத்துப் பேரும் சேர்ந்தே சாப்பிட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

மிஞ்சியதை எடுத்து வரலாமா?

தாராளமாக. ஆனால் தங்கும் இடத்தில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பரிமாறிய நேரத்திலிருந்தே அந்தக் கணக்கு தொடங்கிவிடுகிறது. நீங்கள் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமும் அதில் சேரும். சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் சுற்றத் திட்டம் என்றால் மிச்சத்தைக் கட்டி வாங்காதீர்கள், அல்லது ஒருவர் முதலில் அறைக்குப் போய் வைத்துவிட்டு வரட்டும். மறுநாள் காலை ஆவி பறக்கும் அளவுக்கு நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர் இருந்தால் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று மேலே எழுதிவிடுங்கள்.